கைதட்டுகிறவரின் முகம்

“இது நான்தானே தம்பி?” என்று என் படத்தைக் காட்டி, பட்டறையில் அச்செடுக்கும் அண்ணன் கேட்டார். “இல்லண்ணே, எல்லாருந்தான்” என்றேன். அது பொய்யில்லை என்று இன்றும் வாதாடுவேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

மேலதிகாரி வாய் திறக்கும் முன்பே கைதட்டத் தயாராக நிற்கும் ஒரு வரிசையை எச்சிங்காக, அதாவது செப்புத் தகட்டில் கீறி அமிலத்தில் அரித்து அச்செடுக்கும் படமாக, செய்திருந்தேன். முதலில் நிற்பவருக்குக் கன்னத்தில் மச்சம், ஒரு புருவம் சற்றே ஏறியிருக்கும். பட்டறையில் யாருக்கும் ஆள் பிடிபடவில்லை. எதிரே பார்த்த முகத்தை அப்படியே செப்புத் தகட்டில் கீறினால், அச்சில் இடவலம் மாறிவிடும். எங்களுக்கு அது அந்நிய முகம். அண்ணனுக்கோ, தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம். சோதனை அச்சைத் தகட்டிலிருந்து உரித்தெடுத்ததும் அவர்தான்.

ஸ்பானிய ஓவியர் கோயா 1799இல் 80 தகடுகள் கொண்ட ‘கப்ரிச்சோஸ்’ என்ற கேலிப் படத் தொகுப்பை விற்பனைக்கு அறிவித்தபோது, எந்தத் தனிமனிதரின் குறையையும் கேலி செய்யவில்லை என்றே விளம்பரத்தில் சொன்னார். பார்த்தவர்களோ அதில் அரசியைத் தேடினார்கள். யாரோ ஒருவரின் புருவம் இல்லாமல் பாத்திரத்துக்கு உயிர் வராது. பிரான்சில் 1835 சட்டம் அரசியல் கேலிச்சித்திரத்தை முடக்கியபின் அந்நாட்டு ஓவியர் தோமியே வரைந்த வக்கீல்களும் குடும்பஸ்தர்களும் அப்படி வந்தவர்கள்தானே?

இங்கேதான் என் வாதம் தடுமாறுகிறது. அதற்கு முன் தோமியே மன்னரை வரைந்தார்; மன்னரிடம் சட்டம் இருந்தது, 1832இல் தோமியேயைச் சிறைக்கு அனுப்பினார்கள். அண்ணனிடம் அந்த ஒரு கேள்விதான் இருந்தது. முந்திக்கொண்டு கைதட்ட வேண்டிய நிலை யாருக்கு? வேலை நிரந்தரமில்லாதவருக்கு. என் படத்தில் அதிகாரி முதுகு காட்டி நிற்கிறார். படத்தின் அமைப்புக்காக அப்படி வைத்தேன். கேலியில் முகம் இழந்தவர் யார், தப்பியவர் யார் என்று அப்போது யோசிக்கவில்லை.

மச்சத்தைச் சுரண்டித் தேய்த்து மழுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் ‘ஆமாம், நீங்கள்தான்’ என்று ஒப்புக்கொண்டதாகாதா? தகட்டைத் தொடவில்லை.

பிரதிகளை அண்ணனே அச்சிட்டார். சிலவற்றில் அந்தக் கன்னத்தின் மேல், தகட்டில் பூசிய மை முழுதாகத் துடைக்கப்படாமல் மெல்லிசாகப் படர்ந்து, மச்சம் அதில் அமுங்கிவிட்டது. அவர் கை துடைப்பில் தவறுகிற கை இல்லை. ஒரே பதிப்பின் பிரதிகள் ஒன்றுபோல இருக்க வேண்டும். வேறு யார் செய்திருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவற்றிலும் எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.