நகோயாவில் முதல் நாள்: காஸ்ப்ளே அணிக்குத் துணையாகப் போன அனுபவம்

கதாபாத்திரங்களைப் போல உடை செய்து போட்டுக்கொண்டு நடிப்பதுதான் காஸ்ப்ளே. அதற்காக ஜப்பானின் நகோயாவில் நடக்கும் உலகப் போட்டி வேர்ல்ட் காஸ்ப்ளே சம்மிட். அதில் ஓர் அணி என்றால் இரண்டு பேர். மேடையில் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம். அதற்காக மாதக்கணக்கில் வெட்டி, ஒட்டி, தைத்து, வண்ணம் பூசியதெல்லாம் பெட்டிகளுக்குள் இருந்தது. அந்தப் பெட்டிகளுக்கும் அவர்கள் இருவருக்கும் பொறுப்பாக நான் கூடப் போனேன். முதல் நாளை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாதி வேலை கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஸ்ப்ரே பெயின்ட்டும் தீப்பிடிக்கும் பசைகளும் விமானத்தில் போகாது. போய் இறங்கிய பிறகுதான் வாங்க வேண்டும். எல்இடி விளக்குகளுக்கான பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், அதுவும் 100 வாட்-மணி (Wh) கொள்ளளவுக்குள். பெரும்பாலான விமானங்களில் ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ., எடை 23 கிலோ, அதுதான் வரம்பு. உடையின் இறக்கைகளை இந்தக் கணக்குக்கு ஏற்பத்தான் துண்டுகளாகப் பிரித்து, திருகாணி போட்டுச் சேர்க்கும்படி தம்பி வடிவமைத்திருந்தான். கவசம் அவன் கைவேலை, தையலும் விக்கும் தங்கையுடையது. இருவரும் எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை, ஆனால் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

இறங்கியது சுபு சென்ட்ரேர் விமான நிலையம். கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவின் மேல் 2005இல் திறந்தார்கள். குடிவரவில் விரல்ரேகையும் புகைப்படமும் எடுத்தார்கள். சுங்கத்துக்கான விவரங்களை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பி க்யூஆர் கோடு வாங்கி வைத்திருந்ததால் வரிசை வேகமாக நகர்ந்தது. ஆனால் நீளமான பெட்டியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே வாள். ஜப்பானில் வாள் சம்பந்தமான சட்டம் கடுமையானது. உலோகத்தில் செய்த போலி வாளைக்கூட தகுந்த காரணமில்லாமல் வெளியே எடுத்துப்போகக் கூடாது. எங்களுடையது ஈவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற பொருள், நடுவில் பிவிசி குழாய். செய்முறைப் படங்களை அச்சிட்டு ஒரு கோப்பில் வைத்திருந்தோம். நடுவர்களிடம் உடையைப் பற்றி விளக்க உதவும் என்று தயாரித்த அந்தக் கோப்பு இங்கேயே கைகொடுத்தது. அதிகாரி படங்களைப் புரட்டினார், வாளை விரலால் அழுத்திப் பார்த்தார், தலைகுனிந்து வணங்கித் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கோப்பு பெட்டிக்குள் அடியில் கிடக்கக் கூடாது, கையில் இருக்க வேண்டும்.

பெட்டிகளை விடுதிக்கே அனுப்பிவைக்கும் தக்யூபின் சேவை விமான நிலையத்திலேயே உண்டு, நம்பகமானதுதான். ஆனால் பொதுவாக மறுநாள்தான் வந்து சேரும். எனக்குப் பெட்டிகள் அன்றைக்கே திறக்கப்பட வேண்டும். அதனால் கூடவே இழுத்துக்கொண்டு மெய்தெட்சு ரயிலில் ஏறினோம். மியூ-ஸ்கை வண்டியில் எல்லாமே முன்பதிவு இருக்கை, அரை மணி நேரத்துக்குள் நகோயா நிலையம்.

வெளியே வந்ததும் வெயில் அறைந்தது. போட்டி நடக்கும் கோடையில் நகோயாவில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், அதோடு புழுக்கம் வேறு. கவசமும் விக்கும் போட்டுக்கொண்டு இதில் நிற்கப் போகிறவர்களை நினைத்து, முதல் வேலையாகக் கடையில் தண்ணீரும் உப்பு மிட்டாயும் வாங்கினேன்.

தங்கைக்கு ஓஸு கடைவீதியைப் பார்க்க ஆசை. போட்டியையொட்டி காஸ்ப்ளே அணிவகுப்பு நடக்கும் தெரு அது. ஆசை நியாயமானதுதான். ஆனாலும் நான் விடவில்லை. "அக்கா, ஒரு மணி நேரம்தானே?" என்றாள். "பெட்டியைத் திறந்து பார்த்துட்டு அப்புறம் போகலாம்மா" என்றேன்.

திறந்தோம். இடது இறக்கையின் நுனி மடங்கி, ஒட்டு விட்டிருந்தது. தோள் கவசத்தில் வண்ணம் பிளந்து கீறலாகத் தெரிந்தது. எங்கே, யார் கையில் ஆனது என்று தேடிப் பயனில்லை. தம்பி பேசவே இல்லை. அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த நேரத்தில் ஆறுதல் சொல்வதைவிட வேலையைத் தொடங்குவதுதான் உதவும் என்று எனக்குத் தோன்றியது. என்னென்ன வேண்டும் என்று அவனையே எழுதச் சொன்னேன். எழுத எழுத முகம் மாறியது.

நிலையத்துக்கு மேலேயே ஹேண்ட்ஸ் கடை இருக்கிறது. ஃபோம், பசை, வண்ணம், உப்புத்தாள் எல்லாம் ஒரே இடத்தில். க்ளூ கன்னையும் அங்கேயே வாங்கினோம். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த க்ளூ கன்னுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு சக்திகூடக் கிடைக்காது, பசை உருகாது. போன் சார்ஜருக்கு இந்தக் கவலை இல்லை, இரண்டு தட்டைக் கம்பி பிளக் இருந்தால் போதும்.

விடுதி அறை சிறியது, வாசனை வரும் எதையும் உள்ளே பயன்படுத்த முடியாது. அதனால் ஸ்ப்ரேயை விட்டுவிட்டு, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் பூசினார்கள். மடங்கிய ஃபோமை ஹேர் டிரையரால் சூடாக்கி, கையால் அழுத்திப் பிடித்து நேராக்கினான் தம்பி. கட்டிலில் உட்கார்ந்து விக்கைச் சீவியபடியே தங்கை அவனுக்கு யோசனை சொன்னாள். அன்று ஓஸுவுக்குப் போகவில்லை. அவளே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ராத்திரி இருவரும் உடையை முழுதாகப் போட்டு, கையைத் தூக்கி, குனிந்து, மண்டியிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் அறைக்குள்ளேயே. ஜப்பானில் காஸ்ப்ளே உடையோடு ரயிலிலோ தெருவிலோ போவதை விரும்ப மாட்டார்கள். அனுமதித்த இடத்தில் மாற்றிக்கொண்டு, படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுப்பதுதான் அங்குள்ள மரியாதை. எல்இடி எல்லாம் எரிந்தது. ஒட்டிய நுனி அசையவில்லை.

சரி, அவர்கள் தூங்கட்டும் என்று ரிப்பேர் பையை நான் கட்டினேன்: பசை, ஊசி நூல், சேஃப்டி பின், இரட்டைப் பக்க டேப், அதே வண்ணம் ஒரு சின்னப் புட்டியில், உபரி திருகாணி, பேட்டரி, விக் பின். காலையில் எழுப்ப வேண்டிய நேரத்தை இருவரின் போனிலும் வைத்துவிட்டு நானும் படுத்தேன்.