எல்.கே.ஜி. சேர்க்கைக்கு முன் பார்க்க வேண்டியவை

பொங்கல் முடிந்து கரும்புக் கட்டுகள் கடைத்தெருவை விட்டு நீங்குவதற்குள் வேலூரில் பள்ளிச் சேர்க்கைப் பதாகைகள் முளைத்துவிடுகின்றன. கிரீன் சர்க்கிளிலிருந்து சத்துவாச்சாரி வரையிலும், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் விருதம்பட்டு, காட்பாடி, காந்தி நகர் வரையிலும் மின்கம்பத்துக்கு மின்கம்பம் பட்டமளிப்பு அங்கி அணிந்த மழலைகள் சிரிக்கிறார்கள். எங்கள் மகளுக்கு வரும் ஜூனில் மூன்று வயது நிறைவதால், நானும் என் கணவரும் கடந்த சில மாதங்களாக அந்தப் பதாகைகளுக்குரிய பள்ளிகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து வந்தோம். இதே தேடலில் இருக்கும் பெற்றோருக்கு உதவும் என்பதால் கண்டதையும் விசாரித்து அறிந்ததையும் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக் குழந்தைக்குப் பள்ளி தேடும்போது அப்பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்ப்பதில் பொருளில்லை. கழிவறை எப்படி இருக்கிறது, அழும் குழந்தையை யார் தூக்குகிறார்கள், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வயது. தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யில் சேர, அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதிக்குள் குழந்தைக்கு மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கணக்கு. ஆகஸ்டில் பிறந்த குழந்தை என்றால் ஓராண்டு காத்திருக்க நேரிடும். எங்கள் எதிர்வீட்டில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு ஓராண்டு வீணாகிறது என்று அவன் தாய் பெரிதும் கவலைப்பட்டார். எனக்கோ அது குழந்தைக்குக் கிடைத்த ஓராண்டாகவே தோன்றுகிறது. மேலும், மாநில அரசின் கணக்கில் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரலாம், ஆனால் அரக்கோணத்தில் உள்ளவை போன்ற கேந்திரிய வித்யாலயாக்களில் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். பிற்பாடு அங்கே மாற்றும் எண்ணம் உள்ளவர்கள் அவசரப்பட்டுச் சேர்த்தால் நடுவில் ஓராண்டு உதைக்கும்.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, புகைப்படங்கள் ஆகியவற்றையே எல்லாப் பள்ளிகளும் கேட்கின்றன. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்குமான ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளதால், அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். மருத்துவமனையிலிருந்து பதிவாகும்போது பல குழந்தைகளுக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பெயர் இல்லாத சான்றிதழ் பீரோவிலேயே கிடக்கும். தலைப்பெழுத்தும் ஆங்கில எழுத்துக்கூட்டலும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல் இருந்தால், பத்தாம் வகுப்பில் அலைய வேண்டியிருக்காது.

கல்வி உரிமைச் சட்டம் பற்றித் தெரியாத பெற்றோர் இன்னும் பலர் இருக்கிறார்கள். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிப் பள்ளிகள் தங்கள் தொடக்க வகுப்பில், அதாவது பெரும்பாலும் எல்.கே.ஜி.யில், 25 விழுக்காடு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். அவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் தரும். தமிழ்நாட்டில் நலிந்த பிரிவினருக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடக்கும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மிஷன் பள்ளிகளும் முஸ்லிம் அறக்கட்டளைப் பள்ளிகளும் நிறைந்த வேலூரில், வீட்டைச் சுற்றி ஐந்தாறு பள்ளிகள் தெரிந்தாலும் விண்ணப்பிக்கத் தகுந்தவை ஒன்றிரண்டே மிஞ்சலாம். 2025-26 கல்வியாண்டில், மத்திய அரசிடமிருந்து நிதி வராததைக் காரணமாகச் சொல்லி, வழக்கமாகக் கோடையில் தொடங்கும் இந்தச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. கூலி வேலை செய்யும் குடும்பம் ஜூனில் யாரிடம் கடன் வாங்கி இடம் பிடித்து வைத்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஒரு பள்ளியில் எங்கள் மகளை மட்டும் உள்ளே அனுப்பச் சொன்னார்கள். பேர் பெற்ற பள்ளிதான். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்ததால் என்னையும் அனுமதித்தார்கள். மேசைமேல் பழங்களின் படங்கள் இருந்த ஓர் அட்டையைக் காட்டி, ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார் அந்த ஆசிரியை. மகள் வாய் திறக்கவில்லை. எதிரில் இருந்த தாளில் அவர் ஏதோ குறித்துக்கொண்டார். "வீட்டுல இங்கிலீஷ்ல பேசறது இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன், அதையும் குறித்துக்கொண்டார். பள்ளிச் சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதிப்பதை அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையிலும் அடுத்தடுத்த ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. அச்சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளைப் பற்றித்தான் பேசுகிறது என்று பள்ளிகள் வாதிடலாம். ஆறு வயதுக் குழந்தைக்கே வைக்கக் கூடாத சோதனையை மூன்று வயதுக் குழந்தைக்கு வைப்பது எந்த வகையில் நியாயம்?

தனியார் பள்ளிகளுக்கு முன்பே எங்கள் தெருவை அடுத்த பால்வாடியைப் பார்த்திருந்தோம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிதான் அது. எங்கள் பக்கம் இன்றும் பால்வாடி என்றே சொல்கிறோம். "நம்ம பொண்ண பால்வாடிக்கா அனுப்பப் போற?" என்று என் மாமியார் கேட்டார். "ஒரு நாள் வந்து பாருங்க அத்தை, அப்புறம் சொல்லுங்க" என்று அவரையும் அழைத்துப் போனேன். ஒரே அறை, ஓரத்தில் சமையல், உத்தரத்தில் தொங்கும் எடை பார்க்கும் தராசு. சுவரில் ஒட்டிய அட்டவணையில் ஒவ்வொரு குழந்தையின் எடையும் மாதந்தோறும் எழுதப்பட்டிருந்தது. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, பணியாளர் கையில் அட்டையில் வெட்டிய யானையை ஆட்ட ஆட்டக் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாநில அரசு உருவாக்கியுள்ள 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டத்தின்படி அந்த மாதத்துக்குரிய கருப்பொருளாக விலங்குகளை எடுத்துக்கொண்டிருந்தார் அவர். மதியம் கலவைச் சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை. என் மாமியார் நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சோறு நல்லா கொழைய வெச்சிருக்காங்க" என்றார். அவர் சம்மதம் சொல்லும் முறை அதுதான். அப்போதிருந்து மகள் காலை வேளைகளில் அங்கே போய்வருகிறாள். பிற குழந்தைகளுடன் வரிசையில் கை கழுவவும், தட்டை எடுத்து வைக்கவும், பொம்மையைக் கேட்டு வாங்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019-இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தமிழக அரசு தொடங்கியது. 2022-இல் அவை நிறுத்தப்படும் என்ற நிலை வந்து, எதிர்ப்பு எழுந்த பின் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு தொடர்ந்தன. நடக்கும் தூரத்தில் அப்படி ஒரு மையம் இருந்திருந்தால் நாங்கள் வேறு எங்கும் போயிருக்க மாட்டோம். பால்வாடிப் பணியாளர் ஒருவரே கற்பித்து, பதிவேடு எழுதி, வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் பார்த்து வர வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டில் மூழ்கியிருந்த நாட்களில் குழந்தைகள் சும்மா உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் பார்த்த தனியார் பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் பலகையில் மாண்டிசோரி என்று எழுதியிருந்தது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, இந்திய ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பயிற்சி அளித்தவர். அவருடைய முறையில் கருவிகள் குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான அலமாரியில் இருக்கும். குழந்தை தானே எடுத்து, தானே செய்து, தானே திருப்பி வைக்கும். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் இருப்பார்கள். நாங்கள் பார்த்த ஒரு வகுப்பில் மணிகளும் மரக்கட்டைகளும் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியிருந்தன. தூசி படிந்த பூட்டைப் பார்த்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பள்ளிக்குப் போகும்போது எல்.கே.ஜி. குழந்தை ஒன்றின் நோட்டைக் காட்டும்படி கேளுங்கள். சிற்றேடுகள் சொல்லாததை நோட்டு சொல்லிவிடும். ஒரு பள்ளியில் ஆகஸ்டு மாதத் தேதியிட்ட பக்கத்தில் ஒன்று முதல் ஐம்பது வரை எழுதியிருந்தது. பென்சில் அழுந்தி அழுந்தித் தாள் மறுபுறம் புடைத்திருந்தது. 5 என்னும் எண் பாதி இடங்களில் திரும்பி நின்றது. ஒவ்வொன்றின்மேலும் சிவப்பு மையில் திருத்தம். மூன்றரை வயதில் விரல்களின் சிறு தசைகள் எழுதுவதற்குத் தேவையான அளவு வலுப்பெறுவதில்லை. களிமண் பிசைவது, மணி கோப்பது, தாள் கிழித்து ஒட்டுவது, மணலில் விரலால் கோடு இழுப்பது ஆகியவை அந்த விரல்களைத் தயார்ப்படுத்தும். விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோமே, அதில் பென்சிலும் இல்லை, திருத்தமும் இல்லை. அடுத்த நாளே நான்கு கோட்டு நோட்டை நீட்ட வேண்டும் என்று யார் சொன்னது?

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. வடஆர்க்காட்டுப் பகுதியில் தமிழோடு தெலுங்கும் உருதும் வீட்டு மொழிகளாக உள்ள குடும்பங்கள் ஏராளம். எங்கள் தெருவிலேயே மூன்று மொழியும் கேட்கும். அம்மாவைத் தேடி அழும் குழந்தைக்கு அதன் வீட்டு மொழியில் இரண்டு சொல் பேசித் தேற்றக்கூடிய ஒருவர், ஆசிரியையோ ஆயாம்மாவோ, அந்த வகுப்பில் இருக்கிறாரா என்று கேட்டோம். "இங்கே ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுவோம்" என்று பெருமையோடு பதில் வந்த பள்ளியை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். ஆங்கிலம் பின்னால் வந்துவிடும். ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியாமல் நனைந்த உடையோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையின் அவமானம் அத்தனை சீக்கிரம் போகாது.

பாதுகாப்பு விஷயத்தில் எந்தக் கூச்சமும் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில், ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துத்தான் நாங்கள் ஒவ்வொரு வளாகத்தையும் சுற்றிப் பார்த்தோம். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் நடப்பில் உள்ளனவா என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. மழலை வகுப்பு தரைத்தளத்தில் இருக்கிறதா, தொட்டிகளின் மூடிகள் சிமென்ட்டா துருப்பிடித்த தகரமா, கழிவறையின் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தோம். ஓரிடத்தில் உடன்வந்த மேலாளர் முகம் சுளித்தார். வேறோர் இடத்தில் தலைமையாசிரியையே முன்னால் நடந்து சென்று, மூடியை மிதித்துக் காட்டினார். வாகனத்தையும் விடக் கூடாது. 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு, பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. ஆனால் பன்னிரண்டு குழந்தைகளை அடைத்துச் செல்லும் ஆட்டோவை அந்த விதிகள் காப்பாற்றப் போவதில்லை.

வேலூர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர் இது. 2023-இலும் 2024-இலும் வெயிலை முன்னிட்டே மாநிலம் முழுவதும் பள்ளி திறப்பு தள்ளிப்போனது. தகரக் கூரையின் கீழ் மழலை வகுப்பு நடத்துவதும், மூன்று வயதுக் குழந்தைக்கு ஷூ, சாக்ஸ், கழுத்தில் டை கட்டுவதும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் இயங்கும் குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். புத்தகம், சீருடை, ஆண்டு விழா என்று தனித்தனியாக வருவதையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நகையை அடகு வைத்து எல்.கே.ஜி. சேர்க்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அந்த வட்டியைக் கட்டி முடிப்பதற்குள் யு.கே.ஜி. கட்டணம் வந்துவிடுகிறது.

நாங்கள் சத்துவாச்சாரியிலேயே, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள ஒரு சிறிய பள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். முன்னால் சொன்ன, தொட்டி மூடியை மிதித்துக் காட்டிய தலைமையாசிரியையின் பள்ளிதான் அது. பத்தாம் வகுப்பு அங்கே கிடையாது. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். எல்.கே.ஜி.யில் நோட்டு இல்லை, மணல் தொட்டி இருக்கிறது. முதல் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் விட்டு, பிறகு சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம் என்று அவர்களே சொன்னார்கள். வேனுக்குப் பெயர் கொடுக்கவில்லை. காலையில் என் கணவர் கொண்டுபோய் விடுவார். மதியம் அத்தை போய் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.