எசேக்கியா ராஜாவின் நீர்ச்சுரங்கத்தில்

எருசலேமுக்குத் திருப்பயணம் வருகிறவர்களில் பலர் கல்லறைத் தேவாலயத்தையும் ஒலிவமலையையும் தரிசித்த நிறைவோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கோ, தாவீதின் நகரம் என்னும் தென்புறச் சரிவில் இறங்கி, யூதாவின் ராஜாவான எசேக்கியா வெட்டுவித்த நீர்ச்சுரங்கத்துக்குள் நடக்க வேண்டும் என்பதே பல வருட ஜெபமாக இருந்தது.

கீகோன் ஊற்றருகே கைவிளக்குடன் இறங்கியபோது தண்ணீர் தொடைவரை ஏறிச் சில்லிட்டது. சில அடிகளிலேயே முழங்காலுக்குக் கீழே தணிந்தது. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். அசீரியாவின் ராஜாவான சனகெரிப் கி.மு. 701-இல் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்துக்கொண்டு வந்தான். மதிலுக்கு வெளியே இருந்த ஊற்று பகைவன் கையில் சிக்காதபடி, தண்ணீரை நகரத்துக்குள், சீலோவாம் குளத்துக்குத் திருப்ப எசேக்கியா 533 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைவித்தார். சனகெரிப்பின் மிரட்டல் கடிதத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் விரித்து வைத்து ஜெபித்தவரும் இவரே. ஜெபித்த கைகள்தான் உளிக்கும் ஆள் அனுப்பின என்பது எனக்கு மிகவும் பிரியமான செய்தி.

இரு முனைகளிலிருந்தும் வெட்டி வந்தவர்கள் நடுவில் சந்தித்த இடத்தில் சுரங்கம் இப்படியும் அப்படியுமாக வளைகிறது. அதுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த உளித்தடங்கள் அங்கே எதிர்ப்பக்கமாகத் திரும்புகின்றன. மூன்று முழம் பாறை மீதியிருக்கையில் ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டதாகச் சொல்லும் எபிரெயக் கல்வெட்டு 1880-இல் இந்தச் சுரங்கத்தில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தத் தடங்களின்மேல் உள்ளங்கையை வைத்தேன். சாகும் தருவாயில் சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பி அழுத அந்த ராஜாவுக்குக் கர்த்தர் பதினைந்து வருஷங்களைக் கூட்டிக்கொடுத்த வேதாகம அதிகாரத்தை, இரண்டு ஆண்டுகளுக்கு முன், அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவில் நான் திரும்பத் திரும்ப வாசித்திருந்தேன். அன்று என் முகமும் சுவர்ப்புறமாகத்தான் இருந்தது. இங்கே ஈரப்பாறையில் நெற்றியை வைத்துச் சொல்வதற்கு என்னிடம் ஸ்தோத்திரம் மட்டுமே இருந்தது.

விளக்கைச் சற்று அணைத்தேன். முன்னே போன அக்காவின் குரல், "சீலோவாம் வந்துருச்சு, வெளிச்சம் தெரியுது" என்று பாறை வழியாக வந்து சேர்ந்தது.