மலச்சிக்கலும் மண் பட்டியும்

மலச்சிக்கலைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் லாரி ஓட்டுகிற எங்கள் ஆட்களில் பல பேருக்கு இந்தத் தொல்லை உண்டு, ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. அதனால் நான் திறக்கிறேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் சுங்காய் பக்கம் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். தோட்டத்திலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து மறுபடி தோட்டத்துக்கு. குலை அதிகம் வெட்டுகிற மாதங்களில் மில் வாசலில் வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும். நடுவில் இறங்கி ஒதுங்க முடியாது என்று தண்ணீரைக் குறைப்போம். காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, அப்புறம் தே தாரிக் என்கிற பால் டீ, மத்தியானம் கிடைத்த சோறு. வயிறு எத்தனை காலம்தான் பொறுக்கும்?

முதலில் போனது அரசாங்கக் கிளினிக்குக்குத்தான். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் நேராக மண் வைத்தியத்துக்குப் போய்விடுகிறார்கள். ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டதால் கையில் ஒரு சின்னக் குப்பியையும் கொடுத்தார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் செய்கிறார்கள். பயந்துகொண்டே கொடுத்தேன், ஒன்றும் இல்லை என்று வந்தது. மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்து எழுதித் தந்து, தண்ணீர் குடிக்கவும் காய்கறி சாப்பிடவும் சொன்னார். மருந்து குடிக்கிறவரை நன்றாக இருந்தது. பாட்டில் முடிந்ததும் பழைய கதை.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். புனேக்குப் பக்கத்தில் உருளிகாஞ்சனில் 1946-ல் காந்தி தொடங்கிய இயற்கை மருத்துவ ஆசிரமத்தில் கொஞ்ச காலம் தங்கிவிட்டு வந்தவர். தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். காசும் வாங்க மாட்டார். “மரபு மருத்துவத்துக்கு 2016-ல் சட்டமே வந்துவிட்டது தம்பி, எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், செய்வதும் செய்யாததும் உங்கள் பாடு” என்றார். எனக்குப் பேரன் பிறந்தாலும் அவருக்கு நான் தம்பிதான்.

சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். தண்ணீர் வைத்தியத்தை ஊரறியச் செய்தவர் கினைப் என்ற ஜெர்மன் பாதிரியார் என்பார், இடுப்புக் குளியலுக்கு லைப்சிக் நகரத்து லூயி கூனே என்பார், மண்ணுக்கு அடால்ப் ஜஸ்ட் என்பார். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்திக்கும் என் தொல்லைதானாம். ஜஸ்ட் எழுதியதைப் படித்துவிட்டு, ஈர மண்ணைத் துணியில் பரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டு படுப்பாராம். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. காந்திக்கே இருந்தது என்றால் நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, மண் எங்கே?

தோட்டத்துக்காரனுக்கு மண்ணா பஞ்சம் என்று நினைப்பீர்கள். சார் சொன்ன நிபந்தனைகளைக் கேட்டால் பஞ்சம்தான். மேல் மண் கூடாது, மூன்று நாலு அடிக்குக் கீழே எடுக்க வேண்டும். ரசாயன உரம், களைக்கொல்லி பட்ட இடமாக இருக்கக் கூடாது. செம்பனைக் காட்டில் அப்படி ஓர் இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வட்டம் போட்டு மருந்தடிக்கிறார்கள். பராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள் என்றாலும், அது களிமண்ணில் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கிற சாமான். புற்றுமண் நல்லது என்று என் மனைவி சொன்னாள். அக்கம்பக்கத்தில் நல்ல புற்று கோயிலுக்குள்தான் இருக்கிறது, அதற்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றுகிறார்கள். அதில் கைவைத்தால் வயிறு சரியாவதற்குள் முதுகு பிய்ந்துவிடும்.

கடைசியில் கோயில்தான் கைகொடுத்தது, வேறு வழியில். மண்டபம் கட்ட அஸ்திவாரம் தோண்டி, ஆள் உயரத்துக்குக் கீழிருந்து செம்மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். மலையடிவார நிலம், தோட்டத்து எல்லைக்கு வெளியே, மருந்து படாத இடம். கமிட்டித் தலைவரிடம் கேட்டுவிட்டு உரச் சாக்கு வேண்டாம் என்று புது அரிசிச் சாக்கில் அள்ளி வந்தேன். சார் ஒரு பிடி எடுத்து நனைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். திரி மாதிரி நீண்டு வந்தது. பொடிந்து போனால் மணல் அதிகம், தண்ணீர் நிற்காது என்றார்.

வெயிலில் காயவைத்து, கல்லையும் வேரையும் சலித்தெடுத்தால் போதும் என்பது சாரின் முறை. என் மகள் விடவில்லை. அவள் நர்ஸ். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, அதன் கிருமி நம் நாட்டு மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழ்கிறது என்றாள். கீறல், புண் வழியாக உள்ளே போகும், தூசியோடு மூச்சிலும் ஏறும். மழைக் காலத்தில் கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும், நுரையீரலிலும் ஈரலிலும் சீழ் கட்டி ஆளையே கொல்லும். “அப்பா, சர்க்கரை பார்த்துவிட்டு வாங்க, அப்புறம் மண்ணைத் தொடலாம்” என்றாள். பார்த்தேன், அளவாக இருந்தது. அதோடு விட்டாளா? மண்ணை அடுப்பில் ஏற்றச் சொன்னாள்.

சாருக்குக் கோபம். “காந்தி மண்ணை அடுப்பில் வைத்தாராம்மா?”

“காந்தி சுங்காயில் இல்லையே சார்” என்றாள் இவள். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

ஆகவே கொல்லையில் மூன்று கல் வைத்து, பழைய குவாலிச் சட்டியில் மண்ணைப் போட்டு, தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்து மூடி, விறகெரித்து நன்றாக ஆவி வரவைத்தேன். “இன்றைக்கு இதுதான் பசியாறவா?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. ஆறியதும் பரப்பிக் காயவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு சலித்தேன். ராத்திரி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் ஊறவைப்பேன். காலையில் கையால் பிசைந்தால் வெண்ணெய்ப் பதத்துக்கு வந்துவிடும். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, அதன் மேல் பத்து அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனத்துக்கு மண்ணைப் பரப்பி, நாலு பக்கமும் மடித்தால் மண் பட்டி தயார்.

வெறும் வயிற்றில் மல்லாந்து படுத்து, தொப்புளிலிருந்து கீழே வைக்க வேண்டும். வைத்த உடனே மூச்சு ஒரு தடவை நின்று வரும், அவ்வளவு குளிர்ச்சி. வயிறு தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அந்தக் குளிர் போய், கனம் மட்டும் தெரியும். உள்ளே எங்கோ கடமுட என்று சத்தம் கேட்கும். இருபது நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் பட்டி உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அப்போது எடுத்துவிட வேண்டும். மண் நச்சை உறிஞ்சும் என்பது சாரின் நம்பிக்கை. நான் பட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன், மண் மண்ணாகத்தான் இருந்தது. ஆனால் படுத்திருக்கிற அந்த நேரம் சுகமான நேரம், அதை மறுக்க மாட்டேன். போனும் கிடையாது, மில்லும் கிடையாது.

இடுப்புக் குளியல் வேறு ரகம். இரும்புக்கடைத் தவுக்கே, அதாவது முதலாளியிடம் இருந்ததிலேயே பெரிய பிளாஸ்டிக் பேசினை வாங்கினேன். அதில் உட்கார்ந்தால் தண்ணீர் தொப்புள் வரை வர வேண்டும், காலும் மேலுடம்பும் வெளியே. முரட்டுத் துண்டால் அடிவயிற்றை வலது பக்கம் கீழிருந்து மேலே, குறுக்கே, அப்புறம் இடது பக்கம் கீழே என்று தேய்க்க வேண்டும், பெருங்குடல் போகிற வழியில். பத்து நிமிடத்தில் தொடங்கி இருபதோடு நிறுத்த வேண்டும். சாப்பிட்ட உடனே கூடாது, காய்ச்சலில் கூடாது. முடித்ததும் உடம்பு சூடாகிறவரை நடக்க வேண்டும்.

கூனே இருந்த ஊரில் குழாயைத் திறந்தால் சில்லென்று வந்திருக்கும். நம் வீட்டுத் தொட்டித் தண்ணீர் மத்தியானம் ஆனால் வெதுவெதுப்பு. அதனால் தே ஆய்ஸ் கடைக்கு வருகிற ஐஸ் மூட்டையில் ஒன்றை வாங்கிக் கொஞ்சம் கொட்டிக்கொண்டேன். சுங்கை கிளா வெந்நீர் ஊற்று பக்கத்திலேயே இருக்கிறதே, அதில் போய் உட்காரேன் என்று நண்பர்கள் சொன்னார்கள். முட்டை அவிக்கிற தண்ணீர் அது. ஆறவிட்ட குளத்தில் காலை வைத்துப் பார்த்தேன், கால் வலிக்கு அருமை, வயிறு கண்டுகொள்ளவில்லை. எனிமாவும் சார் பட்டியலில் இருந்தது. அதை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள், எனக்கும் அது நிம்மதியாகப் போயிற்று.

பலன்? கிடைத்தது. எதனால் என்றுதான் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் மண்ணோடு சேர்த்து சார் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்க வைத்தார், நாசி லெமாக்கை நிறுத்தி பப்பாளி, பீடோர் கொய்யா என்று மாற்றினார், சர்க்கரைவள்ளிக் கீரையை வாரத்தில் பாதி நாள் தின்ன வைத்தார், கழிவறையில் காலுக்கு அடியில் ஒரு மணை போடச் சொன்னார், தினமும் ஒரே நேரத்தில் போய் உட்காரச் சொன்னார். என் கணக்கில் தண்ணீருக்கும் கீரைக்கும்தான் முதல் மார்க். இடுப்புக் குளியல் அடுத்தது, குளித்த அன்று வயிறு லேசாக இருப்பது நிச்சயம். மண்ணுக்குக் கடைசி. சாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இப்போது லாரியில் பெரிய பாட்டில் தண்ணீர் இருக்கிறது. மில் வரிசையில் ஒதுங்குவதற்கு பாதுகாவலரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், ஒன்றும் சொல்வதில்லை. பேசின் குளியலறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று வீட்டில் தினம் சண்டை. மண் பட்டி வேலையில்லாத நாளில் மட்டும், கையிலோ வயிற்றிலோ கீறல் இல்லை என்றால்.

விஷயம் லயத்தில் பரவிவிட்டது. போன மழைக்காலத்தில் அடுத்த வீட்டு அண்ணன் வந்து ஒரு வாளி மண் கேட்டார். பத்து வருடச் சர்க்கரை, காலில் ஆறாத புண், அதன் மேல் மண்ணைக் குழைத்துப் பூசினால் காய்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “அண்ணே, இந்தக் காலுக்கு மண் மட்டும் வேண்டாம், ஏறுங்க” என்று காரில் ஏற்றிக் கிளினிக்கில் கொண்டுபோய் விட்டேன். ஒரு வாளி மண்ணுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.