தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார்

திருச்சி மலைக்கோட்டை வாசலில் வாழைத்தாரோடு போய் இறங்கினால், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிரசவ வேண்டுதல் என்று எல்லோருக்கும் தெரியும். "பேரனா, பேத்தியாம்மா?" என்றுதான் பூக்காரம்மா கேட்டார். பேத்தி என்றேன். "மகராசியா இருக்கட்டும்" என்று சொல்லி, நான் கேட்டதற்கு மேல் ஒரு முழம் அளந்து போட்டார்.

அந்த நல்ல வார்த்தை காதில் இருக்கும்போதே இன்னொரு ஆள் வந்து தாரில் கை வைத்துவிட்டார். ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் மேலே தூக்கி வருவாராம், வரிசையில் நிற்காமல் தரிசனமும் பண்ணி வைப்பாராம். வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் விடவில்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அவசரத்தில் இருப்பார்கள், கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். வேண்டுதல் செலுத்த வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி மனசைக் கலைக்கிற இந்த வழக்கம் எல்லாப் பெரிய கோயில் வாசலிலும் இருக்கிறது. எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆத்திரம்தான் வருகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை குனிந்து தாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "நான் தூக்கிட்டு வரேன்னுதான் அத்தை அன்னிக்கு ராத்திரி வேண்டிக்கிட்டேன்" என்றார். அதுவரை அவர் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. கோயில் குளம் என்று அதிகம் போகிறவரும் இல்லை.

தார் எங்கள் கும்பகோணத்து வீட்டுக் கொல்லையில் விளைந்த பூவன். மேல் சீப்புகள் மஞ்சளாகி, கீழ்ச் சீப்புகளில் இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது. குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்று காத்திருந்து பங்குனியில் போனோம். பரீட்சை நேரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கீழே மாணிக்க விநாயகர் சன்னதியிலிருந்தே ஹால் டிக்கெட்டும் பேனாவுமாகப் பிள்ளைகள் கூட்டம். எல்லோரும் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஓடுகிறார்கள். மொத்தம் 417 படி. நாங்கள் போக வேண்டியது நடுவில் இருக்கிற தாயுமானவரிடம்தான் என்றாலும் என் முழங்காலுக்கு அதுவே பெரிய மலை. பாறையைக் குடைந்த அந்தப் படிக்கட்டுப் பாதையில் வெயில் விழாது, ஆனால் கூட்டம் நெருக்கினால் மூச்சு முட்டும். மகள் குழந்தையை மார்போடு அணைத்தபடி சுவரோரமாக ஏற, நான் பின்னால் ஒரு கையை அவள் முதுகில் வைத்தபடியே ஏறினேன். இடித்துக்கொண்டு ஓடிய பையன்களை அதட்டிக்கொண்டேதான் ஏற வேண்டியிருந்தது. நடுநடுவே மாப்பிள்ளை தாரைத் தோள் மாற்றிக்கொண்டார்.

செட்டிப்பெண் ரத்னாவதி கதை உங்களுக்குத் தெரியும். பிரசவத்துக்குத் துணையாகப் பூம்புகாரிலிருந்து கிளம்பிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, இந்த மலைக்காரர் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து, பிரசவம் பார்த்து, வெள்ளம் வடிகிறவரை கூடவே இருந்து தாயையும் பிள்ளையையும் கவனித்துக்கொண்டார். என் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சின்ன வயதில் எனக்கு ஒன்று தோன்றும். அவர் சுவாமிதானே? காவிரியை வடியச் சொல்லியிருந்தால் வடிந்திருக்குமே. பெற்ற அம்மாவே வந்து சேர்ந்திருப்பாளே. வெள்ளத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு ஏன் தானே மூட்டையைக் கட்டிக்கொண்டு வர வேண்டும்? பாட்டியிடம் கேட்டேன். "அவருக்கு வரணும்னு இருந்துது, வந்தார்" என்றாள். அந்தப் பதில் அப்போது எனக்குப் போதவில்லை.

2023 டிசம்பரில் அதே கேள்வி என் வீட்டுக்கு வந்தது.

மகள் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் அழைத்து வந்திருப்பேன், கடைசி மாதங்களில் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் அவள் அங்கேயே இருந்தாள். மாதக் கடைசியில் பிரசவம் என்று கணக்கு. முன்கூட்டியே போய் இருந்துவிடலாம் என்று 4ஆம் தேதி ராத்திரி வண்டிக்கு எனக்கு டிக்கெட். பிரசவ லேகியம் கிளறி, பழம்புடவைகளைத் துவைத்து மடித்து, பையெல்லாம் கட்டி வாசல் அறையில் வைத்தாகிவிட்டது. அப்புறம் மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி ராத்திரி தொடங்கி மறுநாள் முழுக்கச் சென்னையில் கொட்டிய மழையை எல்லோரும் பார்த்தோம். ரயில்கள் வரிசையாக ரத்து. என் வண்டியும் இல்லை என்று செய்தி வந்தது. பஸ்ஸில் போகிறேன் என்றால், போய் இறங்கி வேளச்சேரிக்குள் எப்படி நுழைவாய் என்றார்கள். சாயங்காலம் மகள் பேசினாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, மாடி வீட்டுக்கு ஏறிவிட்டோம் என்று சொல்லும்போதே போன் அறுந்தது. அதன்பிறகு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை போனும் கிடைக்கவில்லை.

அந்த ராத்திரி நான் பூஜை அறையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஞானசம்பந்தர் சிராப்பள்ளிக்குப் பாடிய 'நன்றுடையானை' பதிகம் எங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிகள் தினமும் சொல்வது. நானும் என் மூன்று பிரசவத்துக்கும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு கட்டத்தில் வார்த்தை ஓடவில்லை. தாயுமானவா, நான் போக முடியவில்லை, நீ போ, உனக்குத் தார் கொண்டுவந்து வைக்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது வலி எடுத்துவிட்டது என்று எனக்குத் தெரியாது. இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் வாய் ஏனோ அதைத்தான் கேட்டது.

அங்கே நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். மாடி வீட்டில் இருந்தவர் அந்த வீட்டுக்காரரின் அம்மா. கோவில்பட்டிப் பக்கம். மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கியவர் அன்றைக்கு ஊர் திரும்ப வேண்டியவர். அவர் வண்டியும் ரத்து. பனிக்குடம் உடைந்ததும் என் மகள் பயந்து நடுங்கியபோது, "ஒண்ணுமில்ல தாயி, நான் இருக்கேம்லா" என்று சொல்லித் தன் மடியில் சாய்த்துக்கொண்டாராம். கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்து, இடுப்புக்கு விளக்கெண்ணெய் சூடு பண்ணித் தேய்த்து, விடிகிறவரை கண் மூடாமல் இருந்திருக்கிறார். விடியற்காலையில் மொட்டை மாடியிலிருந்து மாப்பிள்ளை போட்ட சத்தத்துக்கு ஒரு மீனவர் படகு திரும்பியது. மெயின் ரோடு வரை படகு, அங்கிருந்து 108. படகிலும் அந்த அம்மாதான் என் மகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து பத்து மணிக்குள் குழந்தை பிறந்துவிட்டது. புயல் ஆந்திரக் கரையைக் கடந்ததும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர்கிறவரை அவர் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. நான் வார்டு வாசலில் மூட்டையோடு நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு அம்மா என் பேத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தார். "இந்தா தங்கச்சி, ஒம்பேத்தி. இனி நீ பாத்துக்கோ" என்று என் கையில் கொடுத்தார். மறுநாளே ரயில் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்.

நான் அன்றைக்கு ரயில்வேயைத் திட்டியிருக்கிறேன், மழையைத் திட்டியிருக்கிறேன். என்னைக் கும்பகோணத்தில் நிறுத்திய அதே மழைதான் அவரை வேளச்சேரியில் நிறுத்தி வைத்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்காவிட்டால் மகள் மாடிக்கே ஏறியிருக்க மாட்டாள். அதுவரை அந்த அம்மாவிடம் அவள் படிக்கட்டில் பார்த்துச் சிரித்ததோடு சரி. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் ஆளை அடையாளம் கண்டுகொண்டேன். அந்த மழையில் உயிர் போனவர்கள் உண்டு. அவர்கள் வீட்டிலும் யாரோ ஒரு தாய் விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பாள். என் பக்தி பெரிது, அதனால் பிழைத்தோம் என்று நினைக்கக்கூட எனக்கு நா கூசும். ஆனால் என் வாசலுக்கு வந்தவரை வரவில்லை என்று சொல்லவும் எனக்கு மனசில்லை.

சரி, சன்னதிக்கு வருகிறேன். இங்கே சுவாமி மேற்கே பார்த்து இருக்கிறார். தனக்கு வைத்த செவ்வந்திப் பூவை ராஜாவுக்காகத் திருடியதில் கோபம் கொண்டு உறையூர்ப் பக்கம் திரும்பியவர் என்பார்கள். கொடிமரம் பழைய வாசல் பக்கமே நின்றுவிட்டது. பூவுக்காக ஒரு ஊரையே மண்மாரியில் மூட வைத்தவர், ஒரு செட்டிப்பெண்ணுக்காக எண்ணெயும் மருந்துமாக வந்து உட்கார்ந்தார் என்பதை நினைத்தால் எனக்கு அங்கே கால் தளர்ந்துவிடும். வரிசை நகரவே இல்லை. குழந்தை பசித்து அழ, ஒரு தூண் மறைவில் உட்கார்ந்து மகள் பால் கொடுத்துவிட்டு வருகிறவரை முன்னால் நின்ற குடும்பம் எங்களுக்கு இடம் வைத்திருந்தது. நல்ல மனிதர்கள்.

முறை வந்தது. தாரை வைத்தோம். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். முதலில் கோவில்பட்டி அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். கீழே இருந்தபோதே போன் பண்ணிக் கேட்டிருந்தேன். "நட்சத்திரத்த யாரு கண்டா? மாரியம்மன் கொடைக்கு மறுநா பொறந்தேன்னு எங்காத்தா சொல்லும்" என்று சிரித்துவிட்டு, "எம்பேருக்கு எதுக்கு, பிள்ளைக்குப் பண்ணு" என்று வைத்துவிட்டார். அதனால் பெயரைச் சொல்லி, நட்சத்திரம் தெரியாது என்றேன்.

அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "தெரியலேன்னா பரவாயில்லை, சுவாமி நட்சத்திரத்துக்கே பண்ணிடலாம். திருவாதிரைன்னு வெச்சுக்கறேன்."

எல்லாக் கோயிலிலும் சொல்வதுதான். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் உள்ளே திரும்பி, திருவாதிரை என்று சொல்லி, அடுத்து அந்த அம்மாவின் பெயரையும் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தீபம் மேலே போகிறது, அவ்வளவு பெரிய லிங்கத் திருமேனி, விபூதிப் பட்டை, வில்வ மாலை எல்லாம் ஒரு விநாடி துலங்குகிறது. அவருடைய நட்சத்திரம், அவளுடைய பெயர். பக்கத்தில் பார்த்தேன். மகள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அந்த ராத்திரியைப் பற்றி என்னிடம் ஒரு பொட்டுக் கண்ணீர் விடாமல் சொன்ன பெண். மாப்பிள்ளை கைகூப்பியபடி கண்ணைத் திறக்கவே இல்லை. நகருங்கம்மா, நகருங்க என்று பின்னாலிருந்து தள்ளினார்கள், நகர்ந்தோம். கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தேன், சின்னவனுக்கு வேலை, என் முழங்கால், வீட்டுப் பத்திரம். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இப்போதும் கேட்கத் தோன்றவில்லை. அவருக்குத் தெரியாததா? வேலை தள்ளிப்போகிறது என்றால் அதிலும் ஏதோ ஒரு வண்டியை அவர் யாருக்காகவோ நிறுத்தி வைத்திருக்கிறார் என்றே இனி எடுத்துக்கொள்வேன். பாட்டி சொன்னாளே, அவருக்கு வரணும்னு இருந்துது, வந்தார் என்று. அது போதும் எனக்கு. வெள்ளம் நின்றிருந்தால் காவிரிக்கரையில் ஒரு சாதாரணப் பிரசவம் நடந்திருக்கும். வெள்ளம் நிற்காததால்தான் அவர் தாயுமானார். தாயே, தகப்பனே, என் பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டாயே.

மட்டுவார்குழலம்மை சன்னதியில் மாலை சாத்திவிட்டு, பிரசாதமாகத் திரும்பி வந்த சீப்புகளைப் பிரித்து மண்டபத்திலேயே வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். நிறைமாதமாக ஒரு பெண் மாமியாரோடு வந்திருந்தாள். படி ஏறின களைப்பில் முகமெல்லாம் வேர்வை. அவளுக்கு ஒரு சீப்பு முழுதாகக் கொடுத்தேன். "எங்க அம்மா துபாய்ல வேலை பாக்கறாங்க, லீவு கெடைக்குமான்னு தெரியலம்மா" என்றாள். வருவார் கண்ணு, நிச்சயம் வருவார் என்றேன். யார் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த மாமியார் மட்டும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளை மட்டும் உச்சிப் பிள்ளையார் வரை ஏறிவிட்டு வந்து, காவிரியில் மணல்தான் தெரிகிறது, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பளிச்சென்று இருக்கிறது என்றார். எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பிள்ளையாரை நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன்.

சித்திரைத் திருவிழாவில் ரத்னாவதியின் பிரசவக் கதையை நடத்திக் காட்டுகிற செட்டிப்பெண் மருத்துவம் நடக்கும். அதற்கு வாருங்கள் என்று கோவில்பட்டிக்குப் போன் பண்ணினேன். முதலில் தட்டிக் கழித்தார், ஆட்டுக்குட்டிகளை யார் பார்ப்பது என்றார். மகள் போனை வாங்கி, "நீங்க வரலேன்னா பாப்பாவுக்கு அங்க மொட்டை அடிக்க மாட்டேன், உங்க மடியிலதான் உக்கார வெக்கணும்" என்று ஒரே பிடிவாதம். கடைசியில் சரி என்றுவிட்டார். மாப்பிள்ளை அன்று சாயங்காலமே அவருக்குத் திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டார், ஜன்னலோர சீட். ஸ்டேஷனுக்கு நானே போய் அழைத்து வருகிறேன்.