கிங் ஷாகா வாசலில் வட்டமடித்த கதை

தென்னாப்பிரிக்காவுக்குப் பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) படிக்க வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் வாடகை, வானிலை, ஒரு மணி நேரப் பறப்புக்கு எவ்வளவு என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். விமானத்திலிருந்து தரையோடு பேசும் ரேடியோவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்குக் காசும் தூக்கமும் கரைந்தது அதில்தான்.

ரேடியோ எழுத்துத் தேர்வு பெரிய விஷயமில்லை. செய்முறைத் தேர்வில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவராகப் பேசுவார், நாம் விமானமாகப் பதில் சொல்ல வேண்டும். ரன்வே, உயரம், திசை, கியூஎன்எச் (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த அளவு), டிரான்ஸ்பாண்டர் எண் (ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் எண்) என எது வந்தாலும் அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். 'கேட்டுவிட்டேன்' என்று பொருள்படும் வெறும் 'ராஜர்' போதாது. 'டேக் ஆஃப்' என்ற சொல்லை மேலேறுவதற்கான கிளியரன்ஸ் (அனுமதி) வரும்போதும் அது ரத்தாகும்போதும் தவிர வேறெங்கும் விடாதீர்கள், மற்ற இடமெல்லாம் 'டிபார்ச்சர்'தான். 1977இல் டெனெரிஃபில் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் போன பிறகு இறுகிய வழக்கம் இது. தேர்வாளர் வேண்டுமென்றே அதில் கொக்கி போடுவார்.

மொழித் தேர்வும் அப்படித்தான். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் ஆறு படிகளில் நான்காவது கிடைத்தாலே பறக்கலாம். ஆடம்பர ஆங்கிலம் வேண்டாம். சொன்னது புரியாதபோது 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்கத் தெரிகிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

வினை அதற்கப்புறம் வந்தது. மருத்துவச் சான்றில் அப்பா பெயர் பின்னால், மொழிச் சான்றில் முன்னால். உரிம அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மையார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இரண்டு ஆள்" என்றார். இனிஷியல் கதையை விளக்க ஆரம்பித்தேன். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைய நாள் வீண். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நான் தங்கியிருந்த வீட்டு ஆயாதான் வழி சொன்னார். இங்கே எந்தக் காவல் நிலையத்திலும் பிரமாணப் பத்திரத்துக்கும் நகல்களுக்கும் காசில்லாமல் முத்திரை போட்டுத் தருவார்கள். ஆயாவே கூட வந்து, வரிசையில் பாதிப் பேரை விசாரித்தபடி நின்றார். இரு பெயரும் ஒருவரே என்று எழுதி முத்திரை வாங்கிய தாளை நீட்டியதும், அதே அம்மையார் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார். நம்ம ஊர்ப் பெயரோடு வருகிறவர்கள் அந்தத் தாளை முதல் வாரமே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பறப்புக்கு வருகிறேன். உரிமத்துக்காகத் தனியாகப் போக வேண்டிய நீண்ட பயணம்: குறைந்தது 270 கிலோமீட்டர், வேறு இரண்டு இடங்களில் இறங்கி முழுசாக நிறுத்த வேண்டும். நான் புறப்பட்டது விர்ஜீனியாவில் இருந்து. டர்பன் கடற்கரை மணலை ஒட்டியே கிடக்கும் சின்ன ரன்வே. வடக்கே போக வேண்டுமென்றால் 2010இல் திறந்த கிங் ஷாகா சர்வதேச விமான நிலையத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் இடம்.

காலையில் எனக்கு ஒதுக்கிய விமானத்தில் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ சரியில்லை. வேறொன்றைக் கொடுத்தார்கள். ஃப்ளைட் பிளானில் விமானத்தின் பதிவெழுத்தை (ரேடியோவில் நம் பெயரே அதுதான்) மாற்றச் சொல்லி அலுவலகத்தில் எழுதியே கொடுத்தேன். போகும் பாதைக்கு மாற்றினார்கள். திரும்பும் பாதைக்கு மாற்றவில்லை.

ரிச்சர்ட்ஸ் பேயில் இருந்து திரும்பும்போது, துகேலா முகத்துவாரம் தாண்டி அழைத்தேன். உங்கள் பெயரில் பிளான் எதுவும் இல்லை, கட்டுப்பாட்டு வான்வெளிக்கு வெளியே நில்லுங்கள், 'ஸ்டாண்ட் பை' (காத்திருங்கள்) என்றார் கண்ட்ரோலர். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அங்கே சில வகை வான்வெளிக்குள் நுழைய, கண்ட்ரோலர் நம் அழைப்புப் பெயரைச் சொல்லிப் பதில் கொடுத்தாலே போதும். இங்கே கிளியரன்ஸ் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் உள்ளே போகலாம். 'ஸ்டாண்ட் பை' அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. அதற்குப் பதில் சொல்லி அலைவரிசையை அடைக்கவும் வேண்டாம்.

கரும்புத் தோட்டத்துக்கு மேலே செக்குமாடு போலச் சுற்றினேன். எரிபொருள் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. என் பயிற்சியாளர் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்காரர், பாட்டன் காலத்தில் வந்த தமிழ்க் குடும்பம். தரையில் இருக்கும்போது அவர் அடிக்கடி சொல்லும் கதை அவியாங்கா 52. 1990 ஜனவரியில் நியூயார்க்கில் நெடுநேரம் காத்துச் சுற்றிய விமானம் அது. எண்ணெய் தீர்கிறது என்று சொன்னார்கள், அவசரநிலை என்று மட்டும் சொல்லவில்லை. 73 பேர் இறந்தார்கள். "சூசகமா சொல்லாதே தம்பி. அவருக்கு உன் முள் தெரியாது," என்பார்.

எனக்கு அவசரநிலை ஒன்றுமில்லை. ஆனால் அலைவரிசையில் இடைவெளி கிடைத்ததும் சொல்லிவிட்டேன்: மாணவன், தனியாக இருக்கிறேன், இத்தனை நிமிடத்துக்கு எரிபொருள் இருக்கிறது, பிளான் பழைய பதிவெழுத்தில் இருக்கலாம், வேண்டுமானால் இங்கிருந்தே விவரம் தருகிறேன். மாணவன் என்ற வார்த்தை விழுந்ததும் அவர் பேச்சின் வேகம் பாதியாகக் குறைந்தது. பழைய எழுத்தைக் கேட்டார், கண்டுபிடித்தார், ஸ்க்வாக் எண் (டிரான்ஸ்பாண்டரில் போடும் எண்) கொடுத்தார். உள்நாட்டுப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னார். அங்கே மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக 'அனேபிள்' (என்னால் முடியாது) என்றேன், காரணம் மேகம் என்றும் சேர்த்து. திட்டு வரும் என்று காத்திருந்தேன். ஒரு மூச்சு கூடத் தாமதிக்காமல் கரையை ஒட்டித் தாழ்வாகப் போக வழி கொடுத்தார். என் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் பெரிய ஜெட் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்துவிட்டதாகச் சொன்னதும் 'தேங்க்யூ' என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மகிழ்ந்தேன்!

அப்புறம் அனுமதி வாங்கி, கண்ட்ரோலர்கள் வேலை செய்யும் அறையை ஒரு நாள் பார்த்தோம். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கட்டாயம் போய்ப் பாருங்கள். நம் காதில் அமைதியாகத் தெரியும் நேரத்தில் அவர் தொலைபேசியில் பக்கத்துப் பிரிவோடு பேசிக்கொண்டிருப்பார். நம்மை மதிக்கவில்லை என்று நான் நினைத்த நிமிடங்களில் பாதி இப்படிப் போனவைதான்.

சுற்றிய நேரத்துக்கும் சேர்த்துப் பள்ளி பில் போட்டிருந்தது. பதிவெழுத்தை மாற்றச் சொல்லிக் கொடுத்த தாளின் படம் என் போனில் இருந்தது. அதைக் காட்டினேன். கணக்காளர் முகம் சுளித்தார், கால்குலேட்டரைத் தட்டினார், கழித்துக் கொடுத்தார்.