மாமாவோட கூத்து டிஸ்க்கு: தர்மபுரி நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

பாலக்கோட்டுல இருந்து மாமா வந்தாரு, மஞ்சப்பை நிறைய டிஸ்க்கு. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு அவங்க ஜமா (கூத்துக் குழு) ஆடுனதை ஒரு ஸ்டுடியோக்காரரு அப்பப்ப எடுத்துக் குடுத்தது. "மாப்ள, எங்க வாத்தியாரு பாடுனது இதுல மட்டுந்தான் இருக்கு, எப்படியாச்சும் எடுத்துக் குடு"ன்னாரு. வாத்தியாரு இப்ப இல்ல. அதனால இதை அவசரமில்லாம, ஒழுங்கா பண்ணணும்.

நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல லினக்ஸ். யூஎஸ்பி டிவிடி டிரைவை சொருகுனதும் அதுக்கு /டெவ்/எஸ்ஆர்0ன்னு பேரு வந்துருச்சு. டெஸ்க்டாப்லயே தானா மவுண்ட் ஆவும், அதாவது டிஸ்க்குல இருக்கறது ஒரு ஃபோல்டருக்குள்ள தெரியும், ஆனா எனக்கு டெர்மினல்ல கமாண்டு அடிச்சு கையால பண்றதுதான் புடிக்கும், எர்ரர் வந்தா என்னன்னு அங்கயே தெரிஞ்சிரும். ஒரு காலி ஃபோல்டர், டைப் ஐஎஸ்ஓ9660, ரீட் ஒன்லி, அவ்ளோதான். ஐஎஸ்ஓ9660ங்கறது சிடில ஃபைலை எப்படி அடுக்கணும்னு 1988ல வந்த ஸ்டாண்டர்ட், விண்டோஸ்ல ரைட் பண்ண டிஸ்க்கு இங்க ஓப்பன் ஆவறதுக்கு அதுதான் காரணம்.

மொதல்ல போட்டது போட்டோ டிஸ்க்கு. ஃபைல் பேரெல்லாம் வரிசையா கேள்விக்குறியா நிக்குது. ஸ்டுடியோக்காரரு தமிழ்லயே பேரு வெச்சிருக்காரு. அந்தப் பேரெல்லாம் ஜோலியட்னு மைக்ரோசாஃப்ட் சேத்த எக்ஸ்டென்ஷன்ல யூனிகோடா பத்திரமாத்தான் இருக்கு, காட்டறதுலதான் கோளாறு. அன்மவுண்ட் பண்ணி, ஐஓகேர்செட் யூடிஎஃப்8னு ஆப்ஷன் குடுத்து திரும்ப மவுண்ட் பண்ணேன், "படுகளம்", "பதினெட்டாம் போர்"னு அழகா வந்து நின்னுச்சு. மாமாகிட்ட போன்ல படிச்சுக் காட்டுனேன், அவ்ளோ சந்தோஷம்.

ஜூன் 10, செவ்வாய்

அக்கா பையன் எதிர்ல உக்காந்து டிரைவ் பட்டனை அமுக்கிட்டே இருக்கான், "மாமா, டிஸ்க்கு வெளிய வரல, டிரைவ் போச்சா?"ங்கறான். டிரைவ் போவல. மவுண்ட் ஆயிருக்கற வரைக்கும் லினக்ஸோட மையமான கெர்னல் கதவை லாக் பண்ணி வெச்சிருக்கும், அன்மவுண்ட் பண்ணிட்டுதான் எஜெக்ட். அன்மவுண்ட் குடுத்தா 'டார்கெட் ஈஸ் பிஸி'ங்குது, இன்னொரு டெர்மினல் அதே ஃபோல்டருக்குள்ள நின்னுட்டு இருக்கு. எது புடிச்சு வெச்சிருக்குன்னு எல்எஸ்ஓஎஃப்ங்கற கமாண்டு சொல்லிரும், அதை மூடுனா போதும், ஊசி விட்டு குத்தி எடுக்கற வேலையெல்லாம் வேணாம்.

ஜூன் 12, வியாழன்

இன்னிக்கு முழுக்க விசிடி, அதாவது வீடியோ சிடி. டிஸ்க்கு அருமையா மவுண்ட் ஆவுது, எம்பெக்ஏவி ஃபோல்டர் இருக்கு, உள்ள ஏவிசெக்01 டாட் டேட் இருக்கு, காப்பி பண்ணா மட்டும் 'இன்புட் அவுட்புட் எர்ரர்'. இத பாத்துட்டு டிஸ்க்கு செத்துருச்சுன்னு தூக்கிப் போட்டவங்க நம்ம ஊர்ல எத்தன பேரோ, நெனச்சாலே வயிறு எரியுது. சாதா டேட்டா சிடில ஒரு செக்டருக்கு, அதாவது டிஸ்க்கோட ஒரு துண்டுக்கு, 2048 பைட், ஆனா விசிடி வீடியோ செக்டர்ல 2324 பைட் இருக்கும், எர்ரர் திருத்தறதுக்கான இடத்தையும் சேத்து படத்துக்கே குடுத்துட்டாங்க. ஃபைலை அடுக்கிப் படிக்கற ஃபைல் சிஸ்டம் 2048னு நெனச்சுப் படிக்கப் போயி முட்டிக்குது. இதுக்கு விசிடிஇமேஜர்ங்கற சாஃப்ட்வேரோட வர்ற விசிடிஎக்ஸ்ரிப்தான் சரி, டிராக்கை நேரா படிச்சு எம்பெக் வீடியோ ஃபைலா குடுத்துருது. 352க்கு 288 தான் படம், மங்கலாத்தான் இருக்கு, ஆனா முகவீணை சத்தமும் கட்டியக்காரன் பேச்சும் தெளிவா கேக்குது.

அந்தப் பையிலயே ஒரு ஆடியோ சிடியும் இருந்துச்சு, அதை மவுண்ட் பண்ணவே முடியாது, அதுல ஃபைல் சிஸ்டமே கிடையாது, வெறும் டிராக்கு. சிடிபாரனோயாங்கற புரோகிராமை ஓட்டுனேன், சந்தேகமான இடத்தை திரும்பத் திரும்ப படிச்சு சரிபாத்து வேவ் ஃபைலா எடுத்துக் குடுத்துச்சு. வாத்தியாரு விருத்தம் பாடறாரு. ரெண்டு தடவ கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

கீறல் விழுந்த டேட்டா டிவிடி ஒண்ணு பாக்கி. இதை மவுண்டே பண்ணல. மோசமான டிஸ்க்கை மவுண்ட் பண்ணி ஃபைல் ஃபைலா இழுத்தா டிரைவ் ஒரே எடத்துல தேஞ்சுக்கிட்டே கெடக்கும். மெத்துன்னு இருக்கற துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேர்கோடா தொடச்சு, கெட்டுப்போன டிஸ்க்கை முழுசா ஒரே இமேஜ் ஃபைலா நகல் எடுக்கற டிடிரெஸ்க்யூல செக்டர் சைஸ் 2048 குடுத்து ஓட்டுனேன். நல்லா இருக்கறதை மொதல்ல அள்ளிட்டு, படிக்காத எடத்தை மேப் ஃபைல்ல குறிச்சு வெச்சுக்கும், நடுவுல கரண்டு போனாலும் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கலாம். அப்புறம் அந்த இமேஜை லூப்ல, அதாவது ஃபைலையே டிஸ்க்கு மாதிரி, மவுண்ட் பண்ணி ஆற அமர பாத்துக்கலாம், டிஸ்க்கை இனி தொட வேணாம்.

மாமா டிஸ்க்கு மேல பால் பாயிண்ட் பேனால ஊர் பேரு எழுதி வெச்சிருக்காரு. சிடில டேட்டா லேயர் லேபிளுக்கு நேர் கீழதான் இருக்கு, மேல அழுத்தி எழுதறது கீழ விழற கீறலை விட மோசம். "மாமா, இனிமே பேரை கவர் மேல எழுதுங்க"ன்னு சொல்லிருக்கேன்.

டிவிடில கடைசிப் பக்கம் கொஞ்சம் செக்டர் இன்னும் வரல. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிச்சிரும், ஓசூர்ல ஃபிரண்டுகிட்ட பழைய டெஸ்க்டாப் டிரைவ் இருக்கு. புதன்கிழமை கிருஷ்ணகிரில வேலை, அப்படியே ஓசூர் போயி வாங்கிட்டு வந்து அதே மேப் ஃபைலோட ஓட்டணும்.